வெளுத்த பாட்டு

பிப்ரவரி 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் பேத்தியும் உயிரோடு இருக்கிறோம். சோப்பு விளம்பரத்தில் உன் பாட்டு ஓடுகிறது, ஆகவே நீயும் இருக்கிறாய். கடிதம் என்றால் உடம்பைப் பற்றிக் கேட்கவேண்டும், அதனால் கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் அழுவேன், நீ "அக்கா, அக்கா" என்பாய், அத்தோடு நீ ஜெயித்துவிடுவாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். காகிதத்தில் என் பேச்சை உன்னால் நடுவில் வெட்ட முடியாது. ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி.

ஏழு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பாய், அதனால் சொல்லிவிடுகிறேன். என் மகள் செத்த அன்று நீ வரவில்லை. ரிக்கார்டிங் இருக்கிறது என்று ஆள் விட்டுச் சொன்னாய். அதற்கு முந்தி, அவள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தானே கட்டின தாலாட்டைக் கேசட்டில் பதிந்து, "மாமாதான் இதுக்கு மார்க் போடணும்" என்று உனக்கு அனுப்பினாள். இருந்தது அந்த ஒரே கேசட். நீ ஒரு வார்த்தை பதில் போடவில்லை. மாடிப்படியில் தபால்காரர் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் எழுந்து போவாள். காய்ச்சலில் படுத்த பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். எனக்கு எதுவும் மறக்காது.

அது போகட்டும் என்று சொல்லமாட்டேன். போகாது. ஆனால் இப்போது எழுதுவது வேறு விஷயம்.

போன மாதம் நான் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு டிவியில் அது வந்தது. "வெள்ளை வெள்ளை வெள்ளை, அழுக்கே இல்லை இல்லை." மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. அது அவளுடைய தாலாட்டு. நீ அதைத் துள்ளவிட்டிருக்கிறாய், மேலே மணியெல்லாம் அடித்திருக்கிறாய். என் வயிற்றில் பிறந்தவள் முனகினது எனக்குத் தெரியாதா?

சண்டைக்கு வரவில்லை. சண்டை பிறகு. அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் பாட்டு எனக்கு நினைவில் இல்லை. ஏழு வருடம் துணி வெட்டும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஆரம்பித்தால் முதல் அடி வருகிறது. இரண்டாவது அடிக்குப் போனால் உன் சோப்பு வந்து வாசலை மறித்து நிற்கிறது. என் ஞாபகம் உனக்குத் தெரியும். யார் எந்த வீட்டில் என்னை உட்காரச் சொல்லவில்லை என்று வரிசையாகச் சொல்வேன். இது மட்டும் போய்விட்டது.

பேத்திக்கு அம்மா முகமே தெரியாது, அப்போது அவள் கைக்குழந்தை. உன் விளம்பரத்தைப் பாடிக்கொண்டே பல் தேய்க்கிறாள். வாய் தவறி "அது உங்க அம்மா பாட்டுடி" என்று சொல்லிவிட்டேன். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கேட்கிறாள்: "அம்மா சோப்பு கம்பெனியிலயா வேலை பாத்தாங்க?"

அந்தக் கேசட்டை அனுப்பு. வேறு எதுவும் வேண்டாம். உன் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல், அதுவும் கடிதத்துக்காகத்தான்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கவரில் உன் எழுத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். எனக்கு சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் முட்டி வலி எப்படி? குழந்தை எத்தனையாவது படிக்கிறாள்?

நீ கோபப்படுவாய் என்று தெரியும். படு. ஆனால் கொஞ்சம் என் பக்கமும் கேள். நாலு வருடமாக எனக்கு வேலை இல்லை. கூட வாசித்த பையன்கள் எல்லாரும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டின ஒரு வாடகை அறையில் நானும் ஒரு கீபோர்டும். சோப்புக்காரர்கள் வந்தார்கள். கட்டையில் கை வைத்ததும் வந்தது அதுதான். நானாகத் தேடிப் போகவில்லை அக்கா. கை தானாகப் போனது.

இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தத் தொழிலில் எவனும் வெறும் காற்றிலிருந்து மெட்டு எடுப்பதில்லை. முன்னால் கேட்டதுதான் விரலில் வரும். அவள் தாலாட்டின் முதல் அடி என்னுடையது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாடகக் கம்பெனியில் நான் முதல்முதலில் போட்ட பாட்டு. நீ அதை அடுப்படியில் பாடிக்கொண்டிருப்பாய். அவள் உன் இடுப்பில் இருந்து கேட்டு வளர்ந்தாள். என்னிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து எனக்கு. வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது. இதைத் திருட்டு என்றால் நான் என்ன சொல்ல?

அப்படியே எடுத்தும் வைக்கவில்லை. அவள் கட்டினது சின்ன காந்தாரத்தில். க என்ற சுரத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டை உண்டு. கீழ்க் கட்டையை அழுத்தினால் முகம் வாடும், மேல் கட்டையை அழுத்தினால் விடியும். கம்பெனி மேனேஜர் கேட்டுவிட்டு, "சார், பாட்டுல அழுக்கு இருக்கு, வெளுத்துக் குடுங்க" என்றான். மேல் கட்டைக்குப் போனேன். அப்புறம் தாளம் ஆடுகிறது என்றான். மூன்றுக்கு மூன்றாக இருந்ததை நாலுக்கு நாலாக்கினேன். அப்புறம் நீளம் என்றான். இரண்டாவது அடியை மடக்கினேன். பதிவதும், கேட்பதும், அதன் மேலேயே திருத்திப் பதிவதுமாக ஒரு வாரம் போனது.

பாட்டு ஓடுகிறது. ரொம்ப நாள் கழித்து என்னைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். உன் மகள் எனக்குச் செய்த உதவி என்று நினைத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தைக்கு என் முத்தம்.

உன் தம்பி

*

மார்ச் 3

தம்பிக்கு,

முட்டி வலி இருக்கிறது. பேத்தி இரண்டாவது படிக்கிறாள். உன் சர்க்கரைக்கு நடக்கவும்.

முதல் அடி உன்னுடையது. ஆமாம். ஞாபகம் இருக்கிறது. அந்தப் பாட்டை எழுதிக் கொடுத்தவன் பெயரை நோட்டீசில் போடாமல் விட்டு நீ அவனிடம் அடி வாங்கினதும் ஞாபகம் இருக்கிறது. ஒரு அடி நீ கொடுத்தாய், மீதி மூன்று அடி? பிள்ளைக்குச் சட்டை தைக்கப் பொத்தான் கொடுத்தவன் சட்டையையே கேட்பானா? அப்படிப் பார்த்தால் என் இடுப்புக்கும் பங்கு உண்டு. கொடு.

அவள் உனக்கு உதவி செய்தாளாம். செத்தவளிடம் கேட்டா வாங்கினாய்?

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், காந்தாரம், மேல் கட்டை, கீழ்க் கட்டை. கேசட் என்ற சொல்லே இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். கவரையும் உதறிப் பார்த்தேன்.

கேசட் எங்கே?

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். தினம் காலையில் நடக்கிறேன், நீ சொன்னதற்காக.

நீ தைரியமாக இரு. தாலாட்டை நான் திரும்பக் கொண்டுவருகிறேன். நான் மாற்றினதுதானே, நானே பின்னோக்கிப் போனால் ஆயிற்று. கஷ்டம் எங்கே என்றால், எதை முதலில் மாற்றினேன், எதைப் பிறகு என்று வரிசை நினைவில் இல்லை. இன்னொன்று, பாட்டில் எந்தக் கட்டையை வீடு என்று வைத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து எல்லாமே மாறும். அதே ஏழு கட்டைதான். வீட்டை ஒரு கட்டை தள்ளி வைத்துவிட்டால் அழுகிற பாட்டு சிரிக்கும். நான் வீட்டையும் மாற்றினேனா, காந்தாரத்தை மட்டும் மாற்றினேனா என்பதுதான் குழப்பம்.

இதோடு ஒரு கேசட் வைத்திருக்கிறேன். மூன்று விதமாக வாசித்திருக்கிறேன். முதலாவது சின்ன காந்தாரம் மட்டும். இரண்டாவதில் அதோடு மேலே உள்ள சுரங்களையும் கீழே இறக்கியிருக்கிறேன். மூன்றாவதில் வீட்டை மாற்றியிருக்கிறேன். ஏதோ ஒன்றில் அவள் இருப்பாள். கேட்டுவிட்டு எழுது. அவள் பாடின விதத்தில் உனக்கு வேறு என்னென்ன நினைவிருக்கிறதோ எல்லாவற்றையும் எழுது. சின்ன விஷயம் என்று எதையும் விடாதே.

மருந்தைத் தவறவிடாதே.

தம்பி

*

ஏப்ரல் 11

தம்பிக்கு அக்கா எழுதுவது.

பேத்திக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. காய்ச்சல் என்றாலே நான் ராத்திரி முழுக்க அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

மூன்றையும் கேட்டேன். முதலாவது சோப்புதான், சோப்புக்குச் சளி பிடித்த மாதிரி. இரண்டாவதைக் கேட்டுப் பேத்தி, "யாரு பாட்டி செத்துப் போய்ட்டாங்க?" என்றாள். மூன்றாவது நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது வேறு யாரோ வீட்டுப் பிள்ளைக்குப் பாடினது. வீட்டை மாற்றினால் பாட்டு மாறிவிடும் என்று எழுதியிருந்தாய். வீட்டை விட்டுப் போனதும் நீ மாறினாயே, அதனால் நம்புகிறேன்.

நான் சும்மா உட்காரவில்லை. அவள் முனகி முனகித் திரிந்ததைக் கேட்டவர்கள் இருக்கிறார்களே என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். மாடி வீட்டு நர்சம்மா, "ஞாபகம் இல்லாமலா? எத்தனை நாள் அதைக் கேட்டுட்டே தூங்கியிருக்கேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். சோப்பு. கடைசி வரைக்கும் சோப்பு. தன்னை அறியாமல் "அழுக்கே இல்லை இல்லை" என்று முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து அவளே அழுதுவிட்டாள். மகளோடு படித்த பெண்ணைத் தேடி இரண்டு பஸ் மாறிப் போனேன். சோப்பு. மாப்பிள்ளைக்குக்கூடப் போன் பண்ணினேன். நினைத்துப் பார், நான். அவர் வேறு வாழ்க்கை பார்த்துக்கொண்டு போனவர், பாவம் நல்ல மாதிரிதான் பேசினார். யோசித்துவிட்டு, "அத்தை, இப்ப டிவியில வருதே, கிட்டத்தட்ட அது மாதிரி" என்றார்.

பார்த்தாயா? என் தலையில் இருந்து மட்டும் இல்லை, எல்லார் தலையில் இருந்தும் துடைத்துவிட்டாய். உன் சோப்பு நல்ல சோப்பு.

கேட்டாயே, எழுதுகிறேன். கேசட்டில் பதிந்த அன்றைக்கு அவளுக்கு மூக்கடைப்பு. குரல் மூக்கில் நின்றது. பிரசவம் ஆன உடம்பு, மூச்சு பத்தாது. இரண்டாவது அடி நடுவில், பாடத் தெரிந்தவர்கள் யாரும் நிறுத்தாத இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவாள். வாங்கின பிறகு விட்ட இடத்துக்கு வராமல் கொஞ்சம் கீழே இருந்து ஏறி வருவாள், பஸ்ஸைத் தவறவிட்டு ஓடி வந்து ஏறுகிற மாதிரி. கை வளையல் நாற்காலி விளிம்பில் இடிக்கும். வெளியே மழை. மூன்றாவது அடியை இரண்டு தரம் பாடுவாள், இரண்டாம் தரம் குழந்தை தூங்கிவிட்டதா என்று குனிந்து பார்ப்பாள் போல, சத்தம் இறங்கிவிடும். நாலாவது அடி முடியாது. முடியாமலே நிற்கும். அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிகிறது, பாட்டு தெரியவில்லை. ஆள் இல்லாமல் துணி மட்டும் கொடியில் தொங்குகிற மாதிரி இருக்கிறது.

நீ ஏன் கஷ்டப்பட்டுக் கட்டவேண்டும்? கேசட்டை அனுப்பினால் ஆயிற்று. இந்தத் தடவையும் அதைப் பற்றி நீ எழுதவில்லை.

அக்கா

*

மே 29

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். கொஞ்சம் உடம்பு முடியவில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை, தூக்கம்தான் இல்லை.

புதிதாக வந்த இரண்டு பேருக்கும் பாட்டு கொடுக்க முடியவில்லை. எதை ஆரம்பித்தாலும் உன் கடிதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவது அடியில் அந்த மூச்சு. நீ சொன்ன பிறகு எனக்கும் கேட்கிறது, ஆனால் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன சுரம் என்று தெரியவில்லை. கட்டையைத் தொடவே பயமாக இருக்கிறது. போன வாரம் ஒருவர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒரே சுரத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

கேசட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை அறை மாறினேன் இல்லையா. தேடுகிறேன்.

குழந்தை தேவலையா?

தம்பி

*

ஜூன் 9

தம்பிக்கு,

குழந்தை தேவலை. நீ சாப்பிடுகிறாயா? இதைக் கடிதத்துக்காகக் கேட்கவில்லை.

இரண்டு நாள் முன்னால் பேத்தி பள்ளிக்கூடத்தில் ஒருத்தியை அடித்துவிட்டாள். அந்தப் பிள்ளை விளம்பரத்தைப் பாடினாளாம். இவள் "அது எங்க அம்மாவோடது" என்றாளாம். வகுப்பே சிரித்து, "சோப்பு பொண்ணு, சோப்பு பொண்ணு" என்று துரத்தியிருக்கிறது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பாட்டி, பிள்ளைகிட்ட இப்படிப் பொய் சொல்லி வளர்க்காதீங்க" என்றார். நான் பொய் சொல்லுகிறேனாம். வீட்டுக்கு வந்து கேட்டாள்: "நிஜமா அம்மா பாடினாங்கன்னா, நீ பாடிக் காட்டு." நான் ஆரம்பித்தேன். முதல் அடி வந்தது. அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது அவள் எதையுமே பாடுவதில்லை. டிவியில் வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

நான் உன்னிடம் ஒன்று சொல்கிறேன். நான் யாரையும் மன்னித்தவள் இல்லை, உனக்குத் தெரியும். நீ கேசட்டை அனுப்பு, நான் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறேன். அம்மா தோட்டை நீ எனக்குச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாயே, விட்டுவிட்டேன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் "எங்க அக்காவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாயே, விட்டுவிட்டேன். அப்பா கடைசி நேரத்தில் உன் பேரைச் சொல்ல, நான் உன்னைத் தேட ஆள் அனுப்பினபோது கதவைத் திறக்காமல் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தாயே, அதையும் விட்டுவிட்டேன். அவள் செத்த அன்று வராததை மட்டும் வைத்திருக்கிறேன். கேசட் வந்ததும் அதையும் விட்டுவிடுகிறேன்.

இதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அனுப்பு சாமி.

அக்கா

*

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. பழைய அறையின் பரணில், ஒயர் போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டிக்கு அடியில் இருந்தது. இத்தனை நாளாகத் தேடவேண்டிய இடத்தில் தேடாமல் இருந்திருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். பழைய டேப், இரைச்சல் இருக்கும். மேல் உறை உடைந்துபோனதால் வேறு உறையில் போட்டிருக்கிறேன், அதைப் பார்த்து சந்தேகப்படாதே.

குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். அவள் அம்மா சோப்புக்குப் பாடவில்லை, அவளுக்காகத்தான் பாடினாள் என்று சொல்.

எனக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 21

அக்கா,

நலமா? பார்சல் வந்து சேர்ந்ததா? தபாலாபீசில் கேட்டேன், சேர்ந்துவிட்டது என்கிறார்கள். கேட்டாயா? ஒரு வரி போதும். திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

தம்பி

*

செப்டம்பர் 12

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருவரும் சௌகரியம். நீ பயந்துகொண்டிருப்பாய் என்று தெரிந்தும்தான் எழுதவில்லை. கொஞ்சம் பயப்படட்டும் என்று இருந்தேன். அப்புறம் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீ அனுப்பினதைப் பேத்தி பள்ளிக்கூடம் போன பிறகு தனியாகக் கேட்டேன். மூக்கடைப்பு இருந்தது. மூச்சு வாங்கினது இருந்தது. கீழே இருந்து ஏறி வந்தது இருந்தது. வளையல் இடித்தது. மழை பெய்தது. மூன்றாவது அடி இரண்டு தரம் வந்தது, இரண்டாம் தரம் இறங்கினது. நாலாவது முடியாமல் நின்றது. நான் எழுதினது எல்லாம் அதில் இருந்தது. நான் எழுதாதது ஒன்றுகூட இல்லை.

ஏப்ரலில் உனக்கு எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றை மட்டும் எழுதவில்லை. மறந்து இல்லை. உன்னை நான் வளர்த்தவள்.

இதில் பாடின பெண் யார் என்று கேட்கப்போவதில்லை. நன்றாகப் பாடுகிறாள். அசல் கேசட் என்ன ஆயிற்று என்றும் எழுதவேண்டாம். எழுதினால் நான் படிக்கவேண்டி வரும். நீயே பிப்ரவரியில் எழுதியிருக்கிறாய், அதன் மேலேயே திருத்திப் பதிந்தேன் என்று. அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று வைத்துக்கொண்டு நாலு மாதம் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கிற வரைக்கும் அது எங்கேயோ இருக்கிற மாதிரி இருந்தது.

கேசட்டை வெளியே எடுத்து, டேப்பை உருவிப்போட விரலை விட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு பேத்தி வந்துவிட்டாள். அன்றைக்கு அரை நாள் என்று எனக்குத் தெரியாது.

"என்ன பாட்டி அது?"

"ஒண்ணும் இல்ல. கெட்டுப்போன டேப்பு."

"கெட்டுப்போனதை ஏன் இப்படிப் பிடிச்சிட்டிருக்க?"

அவளே வாங்கிப் போட்டாள். எனக்கு எழுந்து நிறுத்த முட்டி ஒத்துழைக்கவில்லை என்று வைத்துக்கொள். முதல் அடி வந்தது, அதை அவள் என் வாயில் கேட்டிருக்கிறாள். இரண்டாவது அடியில் மூச்சு வாங்கினதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது யாரு?" என்றாள். யாரோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உங்க அம்மா" என்று வந்துவிட்டது.

அப்புறம் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஜலதோஷமா?" என்றாள். ஆமாம் என்றேன். "மாத்திரை போட்டாங்களா?" போட்டாள் என்றேன். "இது சோப்பு இல்ல பாட்டி" என்றாள். இல்லை என்றேன்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் போட்டுவிடுகிறாள். அவளைத் துரத்தின பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "சும்மா இருங்கடி, எங்க அம்மா மூச்சு விடப்போறாங்க" என்று கையைத் தூக்கி நிறுத்திவைத்துக் கேட்கவைத்தாள். நான் மெஷினில் குனிந்துகொண்டேன்.

இப்போது எனக்கும் இரண்டாவது அடி வருகிறது. சோப்பு இல்லாமல் வருகிறது. நீ கட்டினது, அந்தப் பெண் பாடினது. மூன்றாவதும் வருகிறது. மகளுடையது இனி வராது. அது இருந்த இடத்தில் இது நன்றாக உட்கார்ந்துவிட்டது, அசைக்க முடியவில்லை. நேற்று துணி வெட்டும்போது என்னை அறியாமல் முழுசாகப் பாடி முடித்தேன். முடித்த பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

போன கடிதத்தில் மன்னித்தேன் என்று எழுதினதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தோடு, கையெழுத்து, அப்பா, எல்லாம் பழையபடி நிற்கிறது. அதோடு இதையும் சேர்த்துக்கொள்.

இப்போது எழுத வந்த விஷயம். மூன்று நாளாகப் பேத்தி கேட்கிறாள்: "அம்மா பாடிட்டே இருக்காங்களே, ஒரு வார்த்தை பேசமாட்டாங்களா? அந்தப் பக்கம் திருப்பிப் போட்டா பேசுவாங்களா?" திருப்பிப் போட்டுக் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். இரைச்சல்தான் ஓடிற்று. இன்னொரு கேசட் இருக்கிறது, மாமா தாத்தாவிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடு. இந்தத் தடவை எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். மகள் குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். "எலி" என்பாள். கடைசி எழுத்தை இழுப்பாள், கேள்வி கேட்கிற மாதிரி. "தூங்கிட்டியா எலி?" அதைச் சொல்லச் சொல். ஒரு தரம் போதும், இரண்டு தரம் சொன்னால் நடிப்பு மாதிரி இருக்கும்.

நான் எழுதாமல் வைத்திருந்தது இதுதான். அவள் பாடிக்கொண்டிருக்கும்போது நான் அடுப்படியிலிருந்து கத்தினேன்: "பாடினது போதும், ஆறிப்போகுது, வந்து சாப்பிடு." அது கேசட்டில் விழுந்துவிட்டது. பாட்டு அதனால்தான் நாலாவது அடியில் முடியாமல் நின்றது. அவள் சிரித்தாள். "அம்மா, கெடுத்திட்டியே" என்றுகூடச் சொல்லவில்லை, வெறுமனே சிரித்தாள். திரும்பப் பதியச் சொன்னேன். "வேண்டாம், நீயும் இருக்கட்டும்" என்று அப்படியே உனக்கு அனுப்பினாள்.

அதற்கு வேறு ஆளை வைத்துப் பேசவைக்காதே, என் குரல் பேத்திக்குத் தெரியும். மாடி நர்சம்மாவிடம் டேப் ரிக்கார்டர் வாங்கி, அடுப்படியில் நின்று நானே கத்திப் பதிந்து இதோடு வைத்திருக்கிறேன். நாலு தரம் ஆயிற்று. மூன்று தரம் பாதியில் நிறுத்திவிட்டேன். நாலாவது சரியாக வந்திருக்கிறது, கோபமாகவே கத்தியிருக்கிறேன்.

கத்தி முடித்ததும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அங்கே அவளைச் சிரிக்கச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் அனுப்பு.

அக்கா